பெட்டிக்கு அடியிலே

ரயில் வண்டியைப் படமாக எழுதிக் காட்டும்படி ஒரு வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்கள் எதை எழுதுவார்கள் என்பது ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். முதலில் புகை வரும். நீராவி இஞ்சின்கள் வேலையிலிருந்து ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும், பிள்ளைகளின் படத்திலிருந்து புகை மட்டும் ஓய்வு பெறவில்லை. அப்புறம் இஞ்சின், அதன் பின்னால் வரிசையாகப் பெட்டிகள், பெட்டிதோறும் ஜன்னல்கள், ஜன்னல்தோறும் ஒரு தலை. கடைசியில் பெட்டிக்கு அடியில் இரண்டு வட்டங்கள். இந்த வட்டத்துக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவே என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை; வெறும் வெள்ளைக் காகிதந்தான்.

பிள்ளைகளைக் குறை கூறுவதற்கில்லை. பெரியவர்களாகிய நாமும் ரயிலைப் பார்க்கும்போது ஜன்னலோடு நிறுத்திக் கொள்ளுகிறோம். ஜன்னல் ஓரத்து இடம் கிடைக்குமா என்பதே நமக்குப் பெரிய விசாரம். பிளாட்பாரத்தின் உயரமோ பெட்டியின் கீழ்ப்பாதியை மறைத்து விடுகிறது. ஆனால் அந்த வெள்ளைக் காகிதத்தில் இருக்க வேண்டியவை எவை என்று கேட்டால், நம்மைச் சுமக்கும் இரும்பு, நம்மை நிறுத்தும் பிரேக்கு, நமக்கு விளக்கேற்றும் யந்திரம் ஆகிய மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஜன்னல் இல்லாமல் ரயில் ஓடும். இவை இல்லாமல் ஓடாது.

இந்த அடிப்பாகத்தைச் சிறிய அளவில், உள்ளது உள்ளபடி செய்து பார்ப்பதற்கென்றே மாலை நேரங்களைச் செலவிடும் மனிதர்கள் உலகத்தில் பல இடங்களில் இருக்கிறார்கள். மாதிரி ரயில் கட்டுவோர் என்று அவர்களைச் சொல்லலாம். அவர்களுடைய வேலையைப் பற்றியும், அதை நம் வீட்டுப் பிள்ளைகளும் செய்து பார்க்கக்கூடிய வழியைப் பற்றியும் இங்கே சொல்ல விரும்புகிறோம்.

பொம்மையும் மாதிரியும்

பொம்மை ரயிலுக்கும் மாதிரி ரயிலுக்கும் வித்தியாசம் உண்டு. பொம்மை ஓடினால் போதும். மாதிரியோ அசலின் ஒவ்வோர் அளவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் கோப்பிங்கன் நகரத்து மார்க்லின் கம்பெனியார் 1891-ஆம் வருஷத்தில் லைப்ஸிக் சந்தையில் அளவு வகுத்த தண்டவாளங்களுடன் பொம்மை ரயில்களை வைத்தார்கள். அதிலிருந்து தண்டவாள அகலங்களுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. இங்கிலாந்தில் மெக்கானோ விளையாட்டுச் சாமானை உண்டாக்கிய பிராங்க் ஹார்ன்பியின் கம்பெனி 1938-ல் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற சிறு ரயிலை வெளியிட்டது. அந்த நாட்டில் இன்றும் மிகுந்த செல்வாக்குடன் இருப்பது அந்த அளவுதான். 'டபிள் ஓ' என்று அதற்குப் பெயர்.

டபிள் ஓ அளவில் அசலின் ஓர் அடி 4 மில்லிமீட்டர் ஆகிறது. அதாவது அசலில் 76-ல் ஒரு பங்கு. ஓர் அங்குலம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கு ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துக் கொண்டால் போதும். மற்றவை தாமே வந்து சேரும். பிரிட்டிஷ் ரயில்வே 1951-ல் ஓட்டத் தொடங்கிய 'மார்க் ஒன்று' என்னும் பிரயாணிப் பெட்டியின் நீளம் 64½ அடி; மாதிரியில் 258 மில்லிமீட்டர். அகலம் 9 அடி. மாதிரியில் 36 மில்லிமீட்டர். சக்கரத்தின் குறுக்களவு மூன்றரை அடி. மாதிரியில் 14 மில்லிமீட்டர்.

இதிலே ஒரு வேடிக்கை உண்டு. இங்கிலாந்தின் தண்டவாள அகலமாகிய 4 அடி 8½ அங்குலத்தை இந்தக் கணக்கில் குறைத்தால் 18.83 மில்லிமீட்டர் வர வேண்டும். ஆனால் டபிள் ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டரே. ஐரோப்பாக் கண்டத்தார் அடிக்கு 3.5 மில்லிமீட்டர் என்று வைத்து இதே தண்டவாளத்தில் ஓட்டினார்கள். அவர்களுக்குக் கணக்குச் சரியாக இருந்தது. பிரிட்டிஷ் இஞ்சின்கள் உருவத்தில் சிறியவை ஆதலால், அக்காலத்து மின்சார மோட்டார் அந்த அளவில் அவற்றின் வயிற்றுக்குள் அடங்கவில்லை. ஆகவே உடம்பை மட்டும் பெரிதாக்கிக் கொண்டு தண்டவாளத்தை அப்படியே விட்டு விட்டார்கள். பெரிய மனிதருக்குச் சின்னச் செருப்பு மாட்டிய மாதிரி! இந்தக் குறை பொறுக்காமல் 18.83 மில்லிமீட்டருக்கே தண்டவாளம் போட்டுக் கொள்ளும் தீவிரவாதிகளும் அங்கே உண்டு.

சுமக்கும் இரும்பு

இனிப் பெட்டிக்கு அடியில் குனிந்து பார்ப்போம்.

மார்க் ஒன்று பெட்டியின் கீழே முன்னும் பின்னுமாக இரண்டு போகிகள் இருக்கின்றன. நம் ஊரில் பெட்டியையே 'போகி' என்று சொல்லிப் பழகி விட்டோம். உண்மையில் போகி என்பது நான்கு சக்கரமும் இரண்டு இருசும் கொண்ட, தானே திரும்பக்கூடிய அடிவண்டிதான். இரண்டு போகிகளின் மையங்களுக்கும் இடையே 46½ அடி தூரம். இரு முனையிலும் கல் வைத்து நடுவிலே பிடிப்பில்லாமல் போட்ட நீளப் பலகை என்ன செய்யும்? ஆள் உட்கார்ந்தால் நடுவே தொய்யும். ரயில் பெட்டியின் அடிச்சட்டமும் அப்படியே தொய்யப் பார்க்கும்.

அதைத் தடுப்பதற்காகச் சட்டத்துக்குக் கீழே ஒரு தாங்குசட்டம் கட்டுகிறார்கள். இரு பக்கமும் சாய்ந்து இறங்கி, நடுவில் தரைக்கு இணையாக ஓடும் அந்த இரும்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், அகலமான தோணியின் உருவம் தெரியும். மேலே பாரம் ஏறும்போது கீழே இந்த இரும்பு இழுபட்டு விறைத்து நின்று, தொய்வைத் தடுக்கிறது. பழைய மரப் பெட்டிகளில் இது உருண்டைக் கம்பியாக இருந்தது. நடுவே திருகு இணைப்பு வைத்திருப்பார்கள். பெட்டி தொய்ந்தால் திருகை முறுக்கி நிமிர்த்தலாம். பிற்காலத்துப் பெட்டிகளில் கம்பிக்குப் பதிலாக 'ல' என்ற எழுத்தின் மூலையைப் போல மடிந்த கோண இரும்பு வந்தது. எந்தப் பெட்டிக்குக் கம்பி, எந்தப் பெட்டிக்குக் கோண இரும்பு என்பதைப் பார்த்தே அந்தப் பெட்டியின் காலத்தை ஊகித்து விடலாம்.

முட்டுக்கட்டையும் ஆர்மா விபத்தும்

தாங்குசட்டத்துக்கு உள்ளே, நிமிர்த்தி வைத்த குடத்தைப் போல இரண்டு உருளைகள் தொங்குகின்றன. இவை வாக்குவம் பிரேக்கின் உருளைகள். பிரேக்கு என்றால் என்ன என்று தேரோட்டம் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர் ஆயிரம் பேர் இருந்தாலும், சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் எல்லோருடைய உயிரும் இருக்கிறது. ஆனால் ஐம்பது மைல் வேகத்தில் ஓடும் பதினைந்து பெட்டிகளுக்கு யார் முட்டுக்கட்டை போடுவது?

வாக்குவம் பிரேக்கின் யுக்தி இதுதான். வண்டி முழுவதும் ஒரு குழாய் ஓடுகிறது. அதிலுள்ள காற்றை இஞ்சின் உறிஞ்சி விடுகிறது. உருளைக்குள் இருக்கும் பிஸ்டனுக்கு மேலும் காற்றில்லை, கீழும் காற்றில்லை. ஆகவே அது தன் கனத்தால் கீழே கிடக்கிறது. பிரேக்குகள் தளர்ந்திருக்கின்றன. டிரைவர் குழாய்க்குள் காற்றை விட்டால், அது பிஸ்டனுக்குக் கீழே மட்டும் புகுந்து அதை மேலே தள்ளுகிறது. பிஸ்டன் நெம்புகோலைத் திருப்ப, நெம்புகோல் நீண்ட இழுகம்பிகளை இழுக்க, போகிகளிலுள்ள கட்டைகள் சக்கரங்களைக் கவ்விக் கொள்ளுகின்றன. இதிலுள்ள பெரிய நன்மை யாதெனில், வண்டி நடுவே அறுந்து போனாலும் குழாய் அறுந்து காற்றுப் புகுந்து, அறுந்த பெட்டிகள் தாமே நின்று விடும்.

இந்த நன்மையை உலகம் இலவசமாகக் கற்றுக் கொள்ளவில்லை. 1889-ஆம் வருஷம் ஜூன் 12-ஆம் தேதி, அயர்லாந்தில் ஆர்மா என்ற ஊரிலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பெற்றோரும் கடற்கரைக்கு உல்லாசப் பிரயாணம் புறப்பட்டார்கள். ஏற்றத்தில் இஞ்சின் இழுக்க மாட்டாமல் நின்று விட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பகுதியை முதலில் கொண்டு போய் விட்டு வரலாம் என்று தீர்மானித்தார்கள். அந்த வண்டியில் இருந்ததும் வாக்குவம் பிரேக்குத்தான். ஆனால் நேர்மாறான வகை. உறிஞ்சினால் பிடிக்கும், குழாயைக் கழற்றினால் விட்டு விடும். பின்பகுதியின் பத்துப் பெட்டிகளையும் கடைசிப் பெட்டியின் கைப்பிரேக்கும் சக்கரத்துக்குப் பின்னால் வைத்த சில கற்களுமே தாங்கி நின்றன. முன்பகுதி நகரும்போது சற்றே பின்வாங்கி இடித்தது, கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் உருண்டு, பின்னால் வந்து கொண்டிருந்த வண்டியின் மேல் மோதின. 80 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். அதே வருஷத்தில் பிரிட்டிஷ் பார்லிமெண்டு சட்டம் செய்து, பிரயாணி வண்டிகளுக்கெல்லாம் தானே பிடிக்கும் பிரேக்கு இருந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியது.

மாதிரிப் பெட்டியின் அடியிலே 7 மில்லிமீட்டர் உருளை ஒன்றை ஒட்டும்போது நாம் ஒட்டுவது வெறும் பிளாஸ்டிக் துண்டன்று. அந்தக் குழந்தைகளுக்குப் பிறகு வந்தவர்கள் பிழைத்திருப்பதற்குக் காரணமான பொருளின் உருவம் அது.

விளக்கும் நெருப்பும்

விளக்கின் கதையும் இத்தகையதே. மின்சாரம் பரவுவதற்கு முன்னர், பெட்டிகளில் எரிவாயு விளக்குகள் எரிந்தன. அதற்கான வாயுவை அழுத்தி அடைத்த நீண்ட இரும்பு உருளைகளைப் பெட்டிக்கு அடியிலே படுக்கை வாட்டத்தில் கட்டி வைத்திருந்தார்கள். 1915-ஆம் வருஷம் மே 22-ஆம் தேதி, ஸ்காட்லாந்தில் குவின்டின்ஷில் என்ற இடத்தில், போர் வீரர்களை ஏற்றி வந்த வண்டி, நின்று கொண்டிருந்த வண்டி மீது மோதியது. அந்தச் சிதைவின் மேல் ஓர் எக்ஸ்பிரஸ் வந்து பாய்ந்தது. மரப் பெட்டிகளுக்கு அடியிலிருந்த வாயு தீயைக் கொழுந்து விட்டெரியச் செய்தது. 200-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். போர்முனைக்குச் செல்லுமுன்னரே ஒரு படையின் பெரும் பகுதி அழிந்தது.

வாயு உருளைகளுக்குப் பதிலாகப் பின்னர் வந்தவை பாட்டரிப் பெட்டிகளும் டைனமோவும். டைனமோ அடிச்சட்டத்திலிருந்து தொங்கும். இருசில் உள்ள கப்பியிலிருந்து ஒரு வார்ப்பட்டை அதைச் சுழற்றும். வண்டி ஓடும்போது மின்சாரம் உண்டாகிப் பாட்டரியில் சேரும். வண்டி நிற்கும்போது பாட்டரி விளக்கை எரிக்கும். மார்க் ஒன்று பெட்டியில் இந்த மின்சாரம் 24 வோல்ட்டு. நம் நாட்டுப் பெட்டிகளிலும் இருசிலிருந்து பட்டை வழியாக மின்சாரம் எடுக்கும் முறை வெகு காலம் வழங்கி வந்தது.

தொழிற்சாலையின் சுருக்கு வழி

கடையில் விற்கும் மாதிரிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால், இந்தச் சரித்திரமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். சமீப காலத்து உயர்ந்த மாதிரிகளில் அடிப்பாகம் நன்றாகவே இருக்கிறது. பழையவற்றிலும் மலிவானவற்றிலும் கம்பெனியார் செய்வது என்னவென்றால், ஒரே அச்சில் வார்த்த ஓர் அடிச்சட்டத்தை ஐந்தாறு வகைப் பெட்டிகளுக்குப் பொதுவாக மாட்டி விடுகிறார்கள். உணவுப் பெட்டிக்கு அதிகப்படியான பாட்டரியும் சமையல் வாயுவும் வேண்டும். சாமான் பெட்டிக்கு வேண்டாம். ஆனால் இரண்டின் அடியும் ஒரே மாதிரி. வலப் பக்கமும் இடப் பக்கமும் கண்ணாடியில் பார்த்தது போல் ஒன்றாக இருக்கும். அசலில் அப்படி இருப்பது அபூர்வம்.

இன்னொரு குறை தடிமன். மூன்றங்குலக் கோண இரும்பு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும். அதன் கனம் அசலில் முக்கால் அங்குலத்தில் பாதி. மாதிரியில் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிதாக வார்த்தால் பிளாஸ்டிக் அச்சுக்குள் ஓடாது. ஓடினாலும் குழந்தையின் கைப்பட்டு ஒடியும். ஆகவே தடித்த சட்டமாக வார்க்கிறார்கள். நடுவே உள்ள வெளி அடைந்து, பெட்டியின் கீழே ஒரு சுவர் கட்டியது போல் ஆகிவிடுகிறது. அசல் பெட்டியிலோ அந்த இரும்புகளுக்கு ஊடே மறுபக்கத்து வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சந்தான் இந்த வேலையின் ரகசியம் முழுவதும். சில்லறைச் சாமான்களை எவ்வளவு ஒட்டினாலும், ஊடே வெளிச்சம் தெரியாத அடிப்பாகம் உயிரற்றதாகவே இருக்கும்.

வேலை தொடங்குமுன்

கத்தியை எடுப்பதற்கு முன்பு பென்சிலை எடுக்க வேண்டும். எந்தப் பெட்டி, எந்த வருஷத்தில் இருந்தபடி, என்பதை முதலில் தீர்மானித்துக் கொள்ள வேண்டும். ஒரே பெட்டிக்கு வாழ்நாளில் போகி மாறும், பிரேக்கு மாறும். பிறகு அதன் இரண்டு பக்கத்துப் புகைப்படங்களையும் தேட வேண்டும். ஒரு பக்கத்தைப் பார்த்து மறு பக்கத்தை ஊகிப்பது கூடாது. லண்டனில் 1910-ல் ஏற்பட்ட மாதிரி ரயில் சங்கமும், 1950-ல் ஏற்பட்ட சரித்திர மாதிரி ரயில் சங்கமும் இத்தகைய ஆராய்ச்சியை ஒரு கலையாகவே வளர்த்திருக்கின்றன. யார்க் நகரத்து ரயில்வேக் காட்சிசாலையில் அசல் பெட்டிகளையே குனிந்து பார்க்கலாம்.

அப்புறம் ஒரு வரைபடம். பெட்டியின் நீளத்துக்குக் கோடு கிழித்து, போகிகளின் மையங்களை 186 மில்லிமீட்டர் இடைவெளியில் குறித்து, உருளைகள், பாட்டரிப் பெட்டிகள், டைனமோ ஒவ்வொன்றும் எங்கே தொங்குகின்றன என்று மேலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாக வரைந்து கொள்ள வேண்டும். இந்தப் படம் சரியாக அமைந்து விட்டால் வேலையில் பாதி முடிந்தது.

கைவேலை

பெட்டியின் உடம்பை அடிச்சட்டத்திலிருந்து கழற்றிப் பத்திரமாக வைத்து விடுங்கள். போகிகளையும் எடுத்து விடுங்கள். பிறகு கூர்மையான கத்தியாலும் நுண்ணிய அரத்தாலும் தடித்த தாங்குசட்டத்தையும், தவறான இடத்திலுள்ள பெட்டிகளையும் நீக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே வெட்டில் எடுக்கப் பார்த்தால் கீழ்த்தட்டும் சேர்ந்து வரும். பத்து மெல்லிய கீறல்கள் ஒரு பலமான வெட்டை விட மேலானவை.

முதலில் கட்ட வேண்டியது தாங்குசட்டம். ஒரு மில்லிமீட்டர் பித்தளைக் கோணப் பட்டை கிடைத்தால் அதை மடித்து ஈயப் பற்று வைக்கலாம். கிடைக்காவிட்டால் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் இரண்டு கீற்றுகளை அறுத்து, மூலையாகச் சேர்த்து ஒட்டலாம். பழைய மரப் பெட்டியானால் அரை மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி போதும். அசலில் ஒன்றரை அங்குலக் கம்பிக்கு அதுவே சரியான கணக்கு. கம்பியை நேராக்க அதன் இரு முனைகளையும் இடுக்கியால் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால், வில்லைப் போல இருந்தது அம்பைப் போல ஆகிவிடும்.

அடுத்தது பிரேக்கு உருளைகள். வார்த்து விற்பனை செய்பவையும், இக்காலத்து முப்பரிமாண அச்சில் எடுத்தவையும் உண்டு. ஆனால் வீட்டிலுள்ள சாமான்களை நாம் குறைவாக எண்ண வேண்டியதில்லை. தீர்ந்து போன பேனாவின் உடம்பு, பஞ்சு சுற்றிய காது குச்சியின் தண்டு, ஊதுவத்திக் குச்சி, காகிதம் தைக்கும் பின், தையல் நூல் ஆகிய இவ்வளவும் இந்த வேலைக்கு மூலதனமே. சரியான குறுக்களவுள்ள குழாயை வெட்டி, மேலும் கீழும் தகட்டு வட்டம் ஒட்டினால் உருளை. பின்னை மடித்தால் பிரேக்குத் தண்டைத் தாங்கும் 'வி' வடிவத் தொங்கல். பிளாஸ்டிக் தகட்டுப் பெட்டிக்குக் கதவுக் கோடு கிழித்து, இரண்டு கீல் ஒட்டினால் பாட்டரிப் பெட்டி.

உருளைகளிலிருந்து இரண்டு போகிகளை நோக்கியும் இழுகம்பிகள் ஓட வேண்டும். இங்கேதான் யந்திர ஞானம் வேண்டியிருக்கிறது. பிஸ்டன் எதை இழுக்கிறது, அது எந்தத் தண்டைத் திருப்புகிறது, தண்டிலிருந்து எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தொடர்ச்சியாகப் புரிந்து கொண்டு கம்பி வைத்தவனுக்கு, ஒரு கம்பியும் இடம் மாறாது. படத்தைப் பார்த்து எங்கோ ஒரு கம்பியை ஒட்டினவனுடைய பிரேக்கு, அசலில் இருந்தால் ஒரு நாளும் பிடிக்காது.

டைனமோவுக்கு ஒரு சிறு உருளை. அதிலிருந்து இருசுக்குக் கறுப்புக் காகிதக் கீற்றில் ஒரு பட்டை. போகிகளில் பிரேக்குக் கட்டைகள் சக்கரத்தின் விளிம்புக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தண்டவாளம் குறுகலாதலால், பல மாதிரிகளில் கட்டை ஒரு பக்கமும் சக்கரம் ஒரு பக்கமுமாக இருக்கும். கட்டைகளை அறுத்து, உள்ளே தள்ளி ஒட்டி விட்டால் செருப்பின் குறையில் பாதி மறைந்து போகும்.

சாயம் கடைசி வேலை. அடிப்பாகந்தானே என்று பளபளக்கும் கறுப்பைப் பூசி விடக் கூடாது. தொழிற்சாலையை விட்டு வந்த மறு வாரமே அசல் பெட்டியின் அடி கறுப்பாக இருப்பதில்லை. வார்ப்பிரும்புக் கட்டைகள் தேய்ந்த தூள் துருவாகி எங்கும் படிகிறது. ஆகையால் பளபளப்பற்ற கறுப்பின் மேல் பழுப்பையும் சாம்பலையும் மெல்லியதாகத் தூவியது போல் பூச வேண்டும். இருசுப் பெட்டிகளின் அருகே மட்டும் எண்ணெய்க் கசிவின் கருமை சற்றே மினுமினுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

முதலாவது வளைவு. பொம்மை ரயில் தண்டவாளத்தின் இரண்டாவது வளைவு 438 மில்லிமீட்டர் ஆரமுள்ளது. அசலில் அது சுமார் 33 மீட்டர் ஆரமாகும். இருபது மீட்டர் நீளப் பெட்டியை அப்படிப்பட்ட வளைவில் எந்த ரயில்வேயும் ஓட்டாது. நம் சாப்பாட்டு மேஜையின் மேல் ஓட்டுகிறோம்! ஆகையால் போகி அளவுக்கு மிஞ்சித் திரும்பும். இழுகம்பியும் படிப்பலகையும் அதன் வழியில் நின்றால் பெட்டி தடம் புரளும். கம்பிகளைப் போகியின் வீச்சுக்கு முன்னதாகவே நிறுத்தி, மிச்சத்தைப் போகியோடு சேர்த்து ஒட்டுவது உத்தமம். ஒவ்வொரு சாமானை ஒட்டினதும் போகியை மாட்டித் திருப்பிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது மின்சாரம். இந்த ரயில்களுக்கு இரண்டு தண்டவாளங்களின் வழியாகவே மின்சாரம் வருகிறது. பித்தளைக் கம்பி ஒன்று வலச் சக்கரத்தையும் இடச் சக்கரத்தையும் ஒருங்கே தொட்டால் மின்சாரம் குறுக்கே பாய்ந்து வண்டி நின்று விடும். சக்கரத்தின் பக்கத்தில் வரும் பாகங்களுக்கு உலோகத்தை விடப் பிளாஸ்டிக்கே மேல்.

மூன்றாவது கனம். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கத்தார் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு, ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் அவுன்சும், அங்குல நீளத்துக்கு அரை அவுன்சும் கனம் இருக்கலாம் என்று சிபாரிசு செய்திருக்கிறார்கள். நம் பத்தங்குலப் பெட்டிக்கு அதன்படி ஆறு அவுன்சு, அதாவது 170 கிராம் ஆகும். பிரிட்டிஷ் வண்டிகள் இதை விட இலேசாகவே ஓடுகின்றன. எனினும் காற்றுக்கு அசையும் பெட்டியை விடச் சற்றுக் கனமான பெட்டியே தண்டவாளத்தில் நிதானமாகச் செல்லும்.

பிளாஸ்டிக்கை ஒட்டும் திரவங்கள் தீப்பற்றக் கூடியவை; அவற்றின் ஆவி உடம்புக்கு ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு, பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் பிள்ளைகள் அவற்றைத் தொட வேண்டும்.

பெரம்பூர்ப் பெட்டி

நம் நாட்டுப் பெட்டியைச் செய்ய விரும்பும் நேயர்கள் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. சென்னைப் பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையைப் பண்டித ஜவஹர்லால் நேரு 1955-ஆம் வருஷம் அக்டோபர் 2-ஆம் தேதி துவக்கி வைத்தார். ஸ்விட்சர்லாந்து தேசத்தின் யோசனையுடன் அங்கே செய்த பெட்டிக்கு 'இன்டக்ரல்' பெட்டி என்று பெயர். தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் இரும்புத் தகட்டால் ஒன்றாகப் பற்றவைத்த குழல் அது. பாரத்தை அந்தக் குழல் முழுவதுமே தாங்குகிறது. ஆகையால் தனியான தாங்குசட்டம் அதற்கு வேண்டியதில்லை. அழகாக இருக்கிறதே என்று பெரம்பூர்ப் பெட்டிக்குக் கீழே தோணிச் சட்டத்தை ஒட்டுவது, வேட்டிக்கு மேல் கச்சையும் பெல்ட்டும் சேர்த்துக் கட்டுவதற்குச் சமானம்.

சட்டம் இல்லாததால் அடியிலுள்ள பாட்டரிப் பெட்டிகளும் பிரேக்கு உருளைகளும் மறைவின்றித் தெரியும். எனவே அவற்றை இன்னும் சிரத்தையாகச் செய்ய வேண்டும். 21.3 மீட்டர் நீளமுள்ள இந்தப் பெட்டி, 87-ல் ஒரு பங்கு அளவில் 245 மில்லிமீட்டர் ஆகும். நம் அகலப் பாதையின் 1,676 மில்லிமீட்டர் அதே கணக்கில் 19 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கடையில் கிடைப்பதோ 16.5 மில்லிமீட்டர் தண்டவாளமே. சின்னச் செருப்பின் தொல்லை நம்மையும் விடவில்லை! பெரம்பூரில் இந்த வகைப் பெட்டி கட்டுவது 2018-ல் நின்று விட்டது. அதன் இடத்துக்கு வந்த ஜெர்மானிய மாதிரிப் பெட்டிகளில் சக்கரத்தைக் கவ்வும் கட்டைக்குப் பதிலாக இருசில் உள்ள தட்டைக் கவ்வும் பிரேக்கு இருக்கிறது. பழைய பெட்டிகளைப் பார்த்து அளவெடுக்க வேண்டியவர்கள் தாமதம் செய்யலாகாது. தொழிற்சாலையை ஒட்டி 2002-ல் ஏற்பட்ட ரயில் காட்சிசாலையில், பிளாட்பாரத்தின் மறைவில்லாமல் பெட்டிகளைத் தரையில் நின்று பார்க்க முடிகிறது. பென்சிலும் நோட்டுப் புத்தகமுமாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்வதற்கு ஏற்ற இடம்.

யாருக்காக?

இவ்வளவும் யார் பார்க்கப் போகிறார்கள் என்று வீட்டிலுள்ளவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஓடும் பெட்டியின் அடியைக் குனிந்து பார்ப்பவர் நூற்றில் ஒருவர் இருக்கலாம்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்கு அருகே லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பென்டன் காட்சிசாலை என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-ல் வந்த ராய் இங்கிலாந்து என்பவர், அந்தப் பிரதேசத்துப் பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்து வருவதைக் கண்டு மனம் வருந்தி, அவற்றின் நினைவை மாதிரிகளாகவாவது காப்பாற்ற வேண்டும் என்று முனைந்தார். அந்த முயற்சியின் பலனாக 1930-களின் கிராமங்களும், வயல்களும், ரயில்களும் அங்கே அடிக்கு 4 மில்லிமீட்டர் கணக்கில் நிலைத்து நிற்கின்றன. உள்ளது மறைவதற்கு முன்பு ஒருவர் அளந்து வைத்தார். ஆகையால் பின்னால் வந்தவர்கள் பார்க்கிறார்கள். மாதிரி செய்பவனுடைய வேலையின் பெருமை இதிலேதான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு வரும் நன்மை இதைவிடப் பெரிது. ஒரு வாரம் உட்கார்ந்து பெட்டியின் அடியைச் செய்து முடித்த பையனோ பெண்ணோ, பாரம் எப்படித் தொய்விக்கிறது, காற்று எப்படித் தள்ளுகிறது, நெம்புகோல் எப்படி வலிமையைப் பெருக்குகிறது, சுழற்சி எப்படி மின்சாரமாகிறது என்னும் நான்கு பாடங்களைக் கையால் கற்றாகி விட்டது. கையால் கற்ற பாடம் பரீட்சைக்கு மறு நாள் மறந்து போவதில்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, நம்மைப் பத்திரமாகக் கொண்டு போய்ச் சேர்க்கிறவை பெரும்பாலும் நம் கண்ணில் படாதவையே என்பதையும், இரவு நேரத்தில் ஸ்டேஷனில் சுத்தியலும் விளக்குமாகப் பெட்டிக்கு அடியில் குனிந்து செல்லும் தொழிலாளி என்ன பார்க்கிறார் என்பதையும் அந்தப் பிள்ளை அறிந்து கொள்ளும்.

ஒரு பழைய மாதிரிப் பெட்டி, ஒரு கத்தி, ஓர் அரம், கொஞ்சம் பித்தளைக் கம்பி, நிறையப் பொறுமை: இந்த விடுமுறைக்கு இவை போதும்.